வரைபடத்தில் காணாமல் போன கழிமுகம்

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கி இன்டர்நெட் இணைப்பும் வந்துவிட்டால், முதல் வாரத்தில் பலரும் செய்கிற வேலை ஒன்று உண்டு. கூகுள் எர்த்தை இன்ஸ்டால் செய்து, பூமி உருண்டையைச் சுழற்றி, இந்தியா, தமிழ்நாடு, சென்னை என்று படிப்படியாக இறங்கி, கடைசியில் தங்கள் வீட்டு மொட்டை மாடியைக் கண்டுபிடிப்பது. "அதோ பார், நம்ம தண்ணி டேங்க்!" என்று வீடே மானிட்டர் முன்னால் கூடிவிடும். இரண்டு நாளில் அலுத்தும் போய்விடும். ஏன் அலுக்கிறது என்றால், அந்தப் படத்தை நாம் பார்க்கத்தான் முடிகிறது. அதனிடம் கேள்வி கேட்க முடிவதில்லை.

கேள்வி கேட்க உதவும் சாஃப்ட்வேருக்குத்தான் ஜி.ஐ.எஸ். என்று பெயர். தமிழில் புவியியல் தகவல் முறை என்கிறார்கள். அடிப்படை மிகவும் எளிது. பள்ளிக்கூடத்தில் டிரேசிங் பேப்பரை அட்லஸ் மேல் வைத்து வரைந்திருப்பீர்கள். ஒரு தாளில் ஆறுகள் மட்டும், இன்னொன்றில் சாலைகள் மட்டும், மற்றொன்றில் வீடுகள் மட்டும் என்று வரைந்து, எல்லாவற்றையும் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிப் பாருங்கள். அந்தத் தாள்தான் ஜி.ஐ.எஸ்.-ஸில் லேயர். ஒவ்வொரு கோட்டுக்கும் புள்ளிக்கும் பின்னால் எக்ஸெல் ஷீட் போல ஓர் அட்டவணையும் இருக்கும். "ஆற்றிலிருந்து 100 மீட்டருக்குள் எத்தனை வீடுகள்?" என்று கேட்டால், இரண்டு தாள்களையும் பொருத்திப் பார்த்து எண்ணிக் கொடுத்துவிடும்.

இதற்குப் பணம் செலவழிக்கத் தேவையில்லை. 2002-ல் கேரி ஷெர்மன் என்பவர் தொடங்கிய க்யூஜிஐஎஸ் என்ற சாஃப்ட்வேர் இலவசமாகக் கிடைக்கிறது. விண்டோஸிலும் ஓடும், லினக்ஸிலும் ஓடும். எட்டு ஜிபி மெமரி உள்ள சாதாரண வீட்டுக் கம்ப்யூட்டரே போதும்.

அடுத்து க்யூஜிஐஎஸ்-ஸை மெனு மெனுவாக விளக்கப் போகிறேன் என்று எதிர்பார்த்தால் மன்னிக்கவும். அதற்கு ஏராளமான வீடியோக்கள் இருக்கின்றன. அவற்றின் மீதுதான் என் புகாரே. எல்லாமே சாஃப்ட்வேரைத் திறப்பதிலிருந்து தொடங்குகின்றன. ஒரு ஜி.ஐ.எஸ். ஆய்வில் சாஃப்ட்வேருக்கு முன்னால் செய்கிற வேலையும் பின்னால் செய்கிற வேலையும்தான் முக்கால் பங்கு. அதைச் சொல்லிக் கொடுக்காமல் பட்டன்களை மட்டும் சொல்லிக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் எதுவும் தேவையில்லை. எண்ணூரைப் பார்த்தாலே போதும்.

ஒரே இடம், இரண்டு படங்கள்

வடசென்னைக்காரர்களுக்கு எண்ணூர் கழிமுகத்தை அறிமுகப்படுத்த வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கொசஸ்தலையாறு கடலோடு கலக்கும் இடம் அது. பக்கிங்ஹாம் கால்வாயும் அங்கேதான் வந்து சேர்கிறது. தெற்கே மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, வடக்கே அனல் மின் நிலையங்கள், 2001-ல் எண்ணூர் துறைமுகமாகத் தொடங்கி 2014-ல் பெயர் மாறிய காமராஜர் துறைமுகம். நடுவில் கடல் ஏற்றத்தில் நிறைந்து வற்றத்தில் சேறு தெரியும் நீர்நிலை. காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், சிவன்படைக்குப்பம் போன்ற மீனவர் குப்பங்கள் அதை நம்பித்தான் இருக்கின்றன. இந்த முறை யார் எந்த இடத்தில் வலை போடுவது என்று 'பாடு' வைத்து முறை மாற்றிக்கொள்ளும் வழக்கம் அங்கே உண்டு. ஆழமில்லாத சேற்றில் கையால் தடவி இறால் பிடித்துப் பிழைக்கும் இருளர் குடும்பங்களும் உண்டு.

1991-ல் மத்திய அரசு கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையை வெளியிட்டது. கடல் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடைப்பட்ட பகுதியில் தொழிற்சாலை கட்டக் கடுமையான கட்டுப்பாடு. ஒவ்வொரு மாநிலமும் எந்த இடம் எந்த வகை என்று வரைபடம் தயாரிக்க வேண்டும். தமிழ்நாட்டுக்கான வரைபடத்துக்கு 1996-ல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது. பிறகு 2017-ல் மீனவர்களும் சுற்றுச்சூழல் ஆர்வலர்களும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பெற்ற வரைபடங்களை அருகருகே வைத்துக் காட்டினார்கள். 1996-ல் ஒப்புதல் பெற்றதில் 6,469 ஏக்கர் கழிமுகம் இருக்கிறது, மாநில அதிகாரிகள் பயன்படுத்தும் இன்னொரு வரைபடத்தில் அந்தக் கழிமுகமே இல்லை என்பது அவர்கள் குற்றச்சாட்டு. அதே ஆண்டு அக்டோபரில் நடிகர் கமல்ஹாசன் எண்ணூர் வந்து பார்த்ததும் விஷயம் டிவி வரை போனது. நீங்களும் பார்த்திருக்கலாம்.

இதை அரசியலாகப் பேசப் பலர் இருக்கிறார்கள். சாஃப்ட்வேர்காரன் கண்ணில் இது எப்படித் தெரிகிறது என்று மட்டும் சொல்கிறேன். கழிமுகம் இல்லாத லேயரை உள்ளே கொடுத்து, "இந்த இடத்தில் நிலக்கரி கிடங்கு கட்டினால் நீர்நிலை பாதிக்குமா?" என்று ஜி.ஐ.எஸ்.-ஸிடம் கேளுங்கள். "பாதிக்காது" என்றுதான் சொல்லும். எர்ரர் மெசேஜ் வராது, கம்ப்யூட்டர் ஹேங் ஆகாது. கணக்கு நூற்றுக்கு நூறு சரி. சிவப்பு, பச்சை என்று அழகாக கலர் பிரின்ட்டும் எடுத்துக்கொள்ளலாம். நான் எழுதும் புரோகிராமில் தப்பு இருந்தால் கம்பைலராவது கத்தும். தப்பான லேயருக்குக் கத்த யாரும் இல்லை.

ஆனால் தண்ணீர் வரைபடம் பார்த்து ஓடுவதில்லை. கொசஸ்தலையாற்று வெள்ளம் கடலுக்குப் போகும் முன் பரந்து நிற்க அந்த இடம் வேண்டும். இடம் குறைந்தால் வெள்ளம் மணலி, எண்ணூர் வீடுகளுக்குள்தான் வரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது மணலியிலிருந்து வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து வந்து, கழிமுகத்துப் படகு, வலை, வீட்டுச் சுவர் என்று எல்லாவற்றிலும் அப்பிக்கொண்டதை மறந்திருக்க மாட்டீர்கள்.

கேள்வியை எழுதி ஒட்டுங்கள்

சரி, இந்தக் கழிமுகத்தையே வீட்டிலிருந்து ஆய்வு செய்ய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முதல் வேலை, ஒரு வெள்ளைத் தாளில் கேள்வியை எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டுவது. "எண்ணூர் மாசு" என்பது கேள்வி அல்ல, தலைப்பு. "1996 வரைபடத்தில் கழிமுகம் என்று குறித்த இடத்தில் இன்று எத்தனை ஏக்கர் கட்டடமாகவும் சாம்பல் மேடாகவும் மாறியிருக்கிறது?" என்பது கேள்வி. அதில் இடம் இருக்கிறது, காலம் இருக்கிறது, அளவு இருக்கிறது. இப்படி எழுதிவிட்டால் என்னென்ன லேயர் வேண்டும் என்பது தானாகவே வந்துவிடும். கேள்வி இல்லாமல் டவுன்லோட் செய்ய உட்கார்ந்தால் ஹார்டு டிஸ்க்தான் நிறையும்.

கேள்வியில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் அர்த்தம் எழுதிக்கொள்வது அடுத்த வேலை. எல்லோரும் தாண்டிப் போகும் இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம். 'கழிமுகம்' என்றால் என்ன? சேட்டிலைட் படத்தில் தண்ணீரைப் பிரித்தெடுக்க ஒரு சுலபமான கணக்கு உண்டு. பச்சை ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் ஒப்பிட்டால் தண்ணீர் தனியாகத் தெரியும். க்யூஜிஐஎஸ்-ஸில் ஒரு வரி ஃபார்முலா, அவ்வளவுதான். ஆனால் படம் எடுத்த நேரம் வற்றமாக இருந்தால், கழிமுகத்தின் சேற்றுப் பரப்பு முழுவதையும் அது 'நிலம்' என்று காட்டும். சேட்டிலைட்டுக்குத் தெரிவது அந்த நிமிடத்துத் தண்ணீர். சட்டம் பார்ப்பது ஏற்றம் எதுவரை வருகிறது என்பதை. இறால் தடவுகிறவர்களுக்கு அந்தச் சேறுதான் சோறு. மூன்றும் வேறு வேறு. எதை அளக்கிறோம் என்று முடிவு செய்யாமல் பட்டனை அழுத்தினால், நீங்களும் உங்கள் பங்குக்குக் கழிமுகத்தை ஆயிரம் ஏக்கர் சுருக்கிவிடுவீர்கள், எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமலே.

இனி படங்கள். அமெரிக்காவின் லேண்ட்சாட் சேட்டிலைட்டுகள் 1972-லிருந்து பூமியைப் படமெடுத்து வருகின்றன. 2008-லிருந்து அந்தப் படங்கள் எல்லோருக்கும் இலவசம். யு.எஸ்.ஜி.எஸ். நிறுவனத்தின் எர்த் எக்ஸ்ப்ளோரர் தளத்தில் பெயர் பதிவு செய்து எடுத்துக்கொள்ளலாம். சென்னைக்கு பாத் 142, ரோ 51 என்று குறித்துக்கொள்ளுங்கள், தேடும் நேரம் மிச்சம். இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் 2015-லிருந்து ஐரோப்பாவின் சென்டினல்-2 படங்களும் இலவசமாகவே கிடைக்கின்றன. வடகிழக்குப் பருவமழை மாதங்களை விட்டுவிடுங்கள். மேகமும் வெள்ளமும் படத்தைக் கெடுத்துவிடும். எந்த ஆண்டை எடுத்தாலும் மார்ச் என்றால் மார்ச், அதே மாதம். அதோடு, லேண்ட்சாட் 7-ல் 2003 மே மாதம் ஒரு பாகம் பழுதானதால் அதற்குப் பிந்தைய படங்களில் கோடு கோடாக வெற்றிடம் இருக்கும். உங்கள் மானிட்டர் ரிப்பேர் என்று நினைத்து மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டாம்.

ஒவ்வொரு படத்தின் தேதியையும் நேரத்தையும் சென்னைத் துறைமுகத்தின் ஏற்றவற்ற அட்டவணையோடு ஒப்பிட்டு எழுதி வையுங்கள். சர்வே ஆஃப் இந்தியா இந்த அட்டவணையை வெளியிடுகிறது. சென்னையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் சுமார் ஒரு மீட்டர்தான். ஆனால் சரிவு குறைந்த சேற்றில் ஒரு மீட்டர் உயரம் என்பது பல மீட்டர் தூரம்.

கட்டத்தின் அளவையும் மறக்கக் கூடாது. லேண்ட்சாட் படத்தில் ஒரு புள்ளி தரையில் 30 மீட்டருக்கு 30 மீட்டர். அதாவது 900 சதுர மீட்டர், ஏறக்குறைய கால் ஏக்கர். ஆயிரம் ஏக்கர் என்றால் சுமார் 4,500 புள்ளிகள். இதைத் தாராளமாக அளக்கலாம். ஒருவர் வீட்டுக் கொல்லையில் பத்தடி ஆக்கிரமிப்பை இதை வைத்து அளக்க முடியாது. ராயபுரம், திருவொற்றியூர் வாசகர்கள் பலர் கேட்க நினைப்பது கடல் அரிப்பைப் பற்றியாக இருக்கும். 1870-களில் சென்னைத் துறைமுகம் கட்டத் தொடங்கியதிலிருந்து வடக்கே போக வேண்டிய மணல் தெற்கே தங்கி மெரினா அகலமானது, வடக்கே கரை கரைந்தது என்பது பழைய கதை. அந்த நீண்ட காலக் கதையைப் பழைய வரைபடங்களையும் சேட்டிலைட் படங்களையும் வைத்து நன்றாகவே காட்டலாம். ஆனால் "போன வருஷம் எங்கள் தெருவில் கடல் ஐந்து மீட்டர் உள்ளே வந்தது" என்பதை லேண்ட்சாட்டில் தேடினால், ஒரு புள்ளிக்குள்ளேயே அது மறைந்துவிடும். அதற்கு டேப் பிடித்து அளப்பதே மேல்.

பழைய காகித வரைபடத்தை ஸ்கேன் செய்து இதன் மேல் பொருத்துவது தனிக் கலை. இடம் மாறாத அடையாளங்களைத் தேடிப் பிடித்து, காகிதத்தில் ஒன்று, சேட்டிலைட் படத்தில் ஒன்று என்று ஜோடி சேர்க்க வேண்டும். எண்ணூருக்கும் அத்திப்பட்டு புதுநகருக்கும் இடையே ஆற்றைத் தாண்டும் ரயில் பாலம் நல்ல அடையாளம். தெற்கே வந்தால், 1856-ல் திறந்த ராயபுரம் ரயில் நிலையக் கட்டடம் இன்னும் அதே இடத்தில் நிற்கிறது. கடற்கரை வளைவை மட்டும் அடையாளமாக எடுக்காதீர்கள். எது நகர்ந்தது என்று கண்டுபிடிக்க வந்துவிட்டு, அதையே நகராத புள்ளியாக வைக்கக் கூடாது அல்லவா? நான்கு ஜோடி போதும் என்று சில வீடியோக்களில் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால் எட்டுக்குக் குறைய வேண்டாம்.

இன்னொரு சிக்கல் கண்ணுக்கே தெரியாதது. சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய வரைபடங்கள் எவரெஸ்ட் என்ற பூமி அளவை வைத்து வரைந்தவை. ஜிபிஎஸ்ஸும் சேட்டிலைட்டும் டபிள்யூஜிஎஸ் 84 என்ற அளவைப் பின்பற்றுகின்றன. இரண்டையும் மாற்றாமல் அப்படியே அடுக்கினால் சென்னையில் நூறு மீட்டருக்கும் மேல் தள்ளி விழும். கடற்கரைச் சட்டத்திலோ கழிமுகக் கரைக்கு ஒதுக்கிய தூரமே 1991, 2011 அறிவிக்கைகளின்படி 100 மீட்டர், 2019 அறிவிக்கையில் 50 மீட்டர். கழி அதைவிடக் குறுகலாக இருந்தால் அதன் அகலம்தான் கணக்கு. ஆக, ஒரு செட்டிங்கைக் கவனிக்காமல் விட்டால், பாதுகாத்த இடம் பாதுகாக்காத இடமாகிவிடும். ஏக்கர் கணக்குப் போடும்போது புராஜெக்டை யுடிஎம் 44 வடக்கு என்ற முறைக்கு மாற்றுங்கள். க்யூஜிஐஎஸ்-ஸில் இதன் எண் 32644. டிகிரியில் வைத்துக்கொண்டு பரப்பளவு கேட்டால் வரும் எண்ணுக்கு அர்த்தமே இருக்காது.

இவ்வளவும் முடிந்த பிறகு லேயர்களை ஒன்றன் மேல் ஒன்று வைத்து வெட்டி, மிச்சத்தின் பரப்பளவைக் கேட்பது பத்து நிமிட வேலை. வீடியோக்கள் சொல்லிக் கொடுப்பது இந்தப் பத்து நிமிடத்தைத்தான்.

பஸ் ஏறிப் போங்கள்

விடை வந்ததும் நண்பர்களுக்கு அனுப்பத் துடிக்கும் கையைக் கட்டிப் போடுங்கள். வரைபடத்தில் கண்டபடி முப்பது, நாற்பது புள்ளிகளைக் கம்ப்யூட்டரையே தேர்வு செய்யச் சொல்லுங்கள். நீங்களே தேர்வு செய்தால் வசதியான இடங்களாகத்தான் வரும். பிறகு செல்போன் ஜிபிஎஸ்ஸோடு நேரில் போங்கள். எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு இடையே புகுந்து போவதே ஒரு சாதனைதான், இருந்தாலும் போங்கள். துறைமுகம், மின் நிலைய வளாகங்களுக்குள் அனுமதி இல்லாமல் நுழையவோ படம் எடுக்கவோ வேண்டாம். கழிமுகத்துக்குள் போக அந்தக் குப்பத்து மீனவர்களிடம் படகுக்குக் கேளுங்கள். கூலியைக் குறைத்துப் பேசாதீர்கள். கம்ப்யூட்டர் 'நிலம்' என்ற இடம் சாம்பலா, சேறா, உப்பளமா என்று அவர்கள் ஒரு பார்வையில் சொல்லிவிடுவார்கள். எந்த வருஷத்திலிருந்து அப்படி என்பதையும் சேர்த்துச் சொல்வார்கள். அது எந்த சேட்டிலைட்டிலும் கிடைக்காத லேயர்.

1854-ல் லண்டனில் காலரா பரவியபோது டாக்டர் ஜான் ஸ்நோ, இறந்தவர்களின் வீடுகளை வரைபடத்தில் குறித்துக் காட்டியதை ஜி.ஐ.எஸ். வகுப்புகளில் தவறாமல் சொல்வார்கள். பிராட் தெருவின் தண்ணீர்ப் பம்பைச் சுற்றியே குறிகள் குவிந்திருந்தன. ஆனால் அதே தெருவில் பீர் ஆலைத் தொழிலாளர்கள் மட்டும் தப்பியது ஏன் என்று அவர் விசாரித்ததை வகுப்பில் அவ்வளவாகச் சொல்வதில்லை. அவர்களுக்குக் குடிக்க பீரும் ஆலையின் சொந்தக் கிணற்றுத் தண்ணீரும் இருந்தன. அந்த விவரம் வரைபடத்தில் இல்லை, கேட்டுத்தான் தெரிந்துகொண்டார்.

கடைசியாக அரசு அலுவலகங்களுக்கு ஒரு வார்த்தை. 2011 அறிவிக்கைப்படி கடற்கரை வரைபடங்களில் மீனவர் குடியிருப்புகளையும் மீன்பிடிக்கும், மீன் குஞ்சு பொரிக்கும் இடங்களையும் குறிக்க வேண்டும். வரைபடத்தின் வரைவை மக்கள் பார்வைக்கு வைத்துக் கருத்துக் கேட்பதும் நடக்கிறது. ஆனால் மக்கள் கைக்கு வருவது பெரும்பாலும் பிடிஎஃப் படம். அதைப் பெரிதாக்கினால் எழுத்து உடையும், க்யூஜிஐஎஸ்-ஸில் நேரடியாக அடுக்கவும் முடியாது. அதை வரைந்தவர்களிடம் அசல் ஷேப்ஃபைல் இருக்கத்தான் செய்கிறது. இன்று எந்த வரைபடத்தையும் யாரும் பேனாவால் வரைவதில்லை. முன்பு வரைபடத் தகவல்களுக்கு நம் நாட்டில் ஆயிரம் தடைகள் இருந்தன என்பது உண்மை. 2021 பிப்ரவரியில் மத்திய அரசே அந்த விதிகளைப் பெருமளவு தளர்த்திவிட்டது. பிறகு என்ன தயக்கம்? பிடிஎஃப்போடு அந்த ஃபைலையும் கொடுக்கட்டும். எந்தத் தேதியின் படம், எந்த ஏற்ற அளவு, யார் களத்தில் சரிபார்த்தது என்ற மூன்று வரிகளையும் சேர்த்துக் கொடுக்கட்டும். காட்டுக்குப்பத்தில் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு முந்தைய நாள் இரவு அந்த ஃபைலைத் திறந்து, தங்கள் பாட்டு இடங்கள் அதில் இருக்கின்றனவா என்று அவர்களே அடுக்கிப் பார்த்துக்கொள்வார்கள்.